இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு சாவு

கல்லூரியை மதிப்பிட மேலிடத்திலிருந்து ஒரு குழு வரப்போகிறது என்று தெரிந்ததும் நிர்வாகத்துக்குப் படிப்பின் மேல் திடீரென்று அக்கறை பிறந்துவிட்டது. அதுவரை நூலகத்தின் கூரை ஒழுகும் இடத்தைப் பார்ப்பதற்கு மட்டும் அங்கே போய்வந்த பதிவாளர், ஒரு சுற்றறிக்கை விட்டார். ஊழியர் ஒவ்வொருவரும் ஒரு நூலைப் படித்து அதற்கு எதிர்வினை எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாதவர்கள், ஏன் எழுதவில்லை என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும்.

எதிர்வினைக்கென்று தனியாகப் படிவம் அச்சடிக்க நேரம் போதவில்லை. கிடங்கில் குறைதீர்ப்பு மனுப் படிவங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. பதினோரு வருஷமாக அவற்றை யாரும் வாங்கியதில்லை. வாங்க வேண்டுமென்றால் பதிவாளர் அறைக்குப் போய், எந்தக் குறைக்காக என்று அவரிடமே சொல்ல வேண்டும் என்பது விதி. இதனால் கல்லூரியில் குறையே இல்லை என்று வருஷா வருஷம் அறிக்கை போய்க்கொண்டிருந்தது. நூலகர் அந்தப் படிவங்களை எடுத்து, தலைப்பின் மேல் 'வாசகர் எதிர்வினை' என்று ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினார். படிவம் ஒவ்வொன்றும் மூன்று தாள், நடுவில் கார்பன். நூலகர் மேல் தாளில் மட்டும் ஒட்டினார். அடியில் இருக்கும் தாளை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தார். மனிதர் இருபது வருஷம் நூலகத்தில் இருந்தவர், அப்படித்தான் நினைப்பார்.

வேதியியல் கூடத்தில் உதவியாளராக இருப்பவரை மாணவர்கள் 'பிப்பெட் அண்ணன்' என்பார்கள். ஆளும் அந்த உறிஞ்சு குழாய் மாதிரி, நெட்டையாக, ஒல்லியாக, நடுவில் மட்டும் லேசாக உப்பியிருப்பார். பதினான்கு வருஷமாகத் தற்காலிகம். ஐம்பது வயது முடிந்துவிட்டால் நிரந்தரம் ஆக்க முடியாது என்பது இன்னொரு விதி. அந்த மாதம் முப்பதாம் தேதி அவருக்கு ஐம்பது முடிகிறது. கோப்பு எல்லா மேசையும் ஏறி இறங்கி, கடைசியாகப் பதிவாளர் மேசைக்கு வந்து சேர்ந்திருந்தது. ஒரு கையெழுத்துதான் பாக்கி.

மற்றவர்கள் எல்லாரும் சமர்த்து. தோட்டக்காரர் 'நல்ல நூல்' என்று எழுதினார். அவரைப் பார்த்து எழுதிய கணக்குப்பிரிவுக்காரர் 'மிக நல்ல நூல்' என்று எழுதினார். வேலியோரமாகப் போன வம்பைக் கூப்பிட்டு உட்கார வைத்தவர் பிப்பெட் ஒருவர்தான். அவர் புத்தகத்தை நிஜமாகவே படித்தார்.

அது 'மெழுகுவர்த்திக் கழகம்' என்ற நாவல். கல்லால் கட்டிய பழைய கல்லூரி. எப்போதும் மழை. நான்கு பணக்கார மாணவர்கள் நீளக் கோட்டு போட்டுக்கொண்டு, யாரும் பேசாத ஒரு செத்த மொழியைப் படிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பேராசிரியர். அவர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மட்டும்தான் பாடம் எடுப்பார். ஐந்தாவதாக, உதவித்தொகையில் படிக்கும் ஒரு பையன். கழகம் கூடும்போது கோப்பை கழுவி வைப்பது அவன் வேலை. தானும் கழகத்தில் ஒருவன் என்று அவன் நம்பிக்கொண்டிருக்கிறான். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஏதோ ஒரு சடங்குக்காக அவனை மணிக்கூண்டில் ஏற்றுகிறார்கள், விழுந்து சாகிறான். அதற்கப்புறம் நூற்றுத் தொண்ணூறு பக்கம் மற்ற நால்வரும் அழகாகத் துக்கப்படுகிறார்கள்.

பிப்பெட் இதைக் கூடத்தில், சாப்பாட்டு இடைவேளையில் படித்தார். படித்துவிட்டுக் குடுவை கழுவப் போனவருக்குக் கண்ணை நீர் மறைத்தது. கோப்பை கழுவுகிறவன் செத்தால் கதையிலும் யாரும் கேட்க மாட்டார்களா என்று இருந்தது.

படிவத்தோடு நூலகரிடம் போனார். "சார், இதுல 'பாதிக்கப்பட்டவர்'னு போட்டிருக்கே?"

"கதாநாயகன்னு வச்சுக்கோங்க."

"'காரணமானவர்'?"

"அது ஆசிரியர். நிவாரணம்னு இருக்கிற எடத்துல, கதை எப்படி இருந்திருக்கலாம்னு எழுதுங்க. சீக்கிரம் குடுங்க, பசை காயுது."

பிப்பெட் இப்படி எழுதினார். பாதிக்கப்பட்டவர்: உதவித்தொகை மாணவன், பெயர் தரப்படவில்லை. காரணமானவர்: ஆசிரியர். விவரம்: 'ஆசிரியருக்கு அழகாக எழுத வருகிறது. மழையை எழுதுகிறார், மெழுகுவர்த்தியை எழுதுகிறார். ஆனால் 212-ஆம் பக்கத்தில் ஒரு ஏழை மாணவனை மணிக்கூண்டிலிருந்து தள்ளிக் கொன்றுவிட்டு, அப்புறம் அவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவன் வீட்டிலிருந்து யாராவது வந்தார்களா? அவன் கட்டிலில் அடுத்து யார் படுத்தார்கள்? ஆசிரியர் இப்படிச் செய்திருக்கக் கூடாது.' நிவாரணம்: 'அந்தப் பையனைப் பற்றி யாராவது விசாரித்தால் போதும்.'

மனுஷனுக்குக் கோபம் வந்த இடத்தில் கை தானாக அழுத்தும். மழையையும் மெழுகுவர்த்தியையும் பாராட்டி அவர் எழுதியது பூப்போல எழுதியது, அது மூன்றாம் தாளுக்கு இறங்கவே இல்லை. நாவலின் பெயரும் இறங்கவில்லை. 'காரணமானவர்: ஆசிரியர்' இறங்கியது. '212-ஆம் பக்கத்தில் ஒரு ஏழை மாணவனை மணிக்கூண்டிலிருந்து தள்ளிக் கொன்றுவிட்டு' என்பது அச்சடித்த மாதிரி இறங்கியது. குறைதீர்ப்பு மனுவின் மூன்றாம் படி நேராகக் குறைதீர்ப்புக் குழுவுக்குப் போக வேண்டும் என்று தாளின் அடியிலேயே போட்டிருந்தது. பியூன் அதைப் படித்தார், கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தக் கல்லூரியில் விதிப்படி வேலை செய்தவர் அன்று அவர் ஒருவர்தான்.

நான்காம் நாள் 'ரகசியம்' என்று முத்திரை குத்திய உறை வந்தது. நல்ல எதிர்வினைக்குப் பரிசு தரப்போகிறார்கள் என்று நினைத்து பிப்பெட் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனார்.

குழுவில் மூன்று பேர். தலைவர் புவியியல் பேராசிரியர். புள்ளியியல் அம்மா ஒருவர். மூன்றாமவர் எந்தத் துறை என்பது அவருக்கே சரியாகத் தெரியாது, எல்லாக் குழுவிலும் இருப்பார். பதினான்கு வருஷமாக 'ஏம்ப்பா, இங்க வா' என்று கூப்பிட்டுப் பழகிய தலைவர், "உட்காருங்க" என்றார். மனுதாரரை மரியாதையாக நடத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த 'ங்க'வைக் கேட்டதும் பிப்பெட் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"எந்த ஆசிரியர்?" என்றார் தலைவர்.

"நாவலோட ஆசிரியர்ங்க."

"நாவல் எந்தத் துறையில வருது?"

"துறை இல்லீங்க. கதை எழுதினாரே, அவரு."

தலைவர் பேனாவை மூடினார். "தெளிவா சொல்லுங்க. எழுதினவரு கொன்னாரா, கொன்னவரு எழுதினாரா?"

"ரெண்டும் ஒருத்தர்தாங்க. ஆனா நெசமா யாரும் சாகலைங்க. புத்தகத்துலதான்."

"மனுல 'கொன்றுவிட்டு'ன்னு உங்க கையெழுத்துல இருக்கு. இப்ப யாரும் சாகலைங்கறீங்க. யாராவது மிரட்டினாங்களா?" என்று புள்ளியியல் அம்மா கனிவோடு கேட்டார்.

மூன்றாமவர் முதல்முறையாக வாய் திறந்தார். "இருநூத்திப் பன்னெண்டாம் அறைப் பக்கத்துல என்ன இருக்கு?"

அது பக்கம், புத்தகத்தின் பக்கம் என்று பிப்பெட் சொன்னார். அறைப் பக்கமா, புத்தகப் பக்கமா என்பதை விசாரணை முடிவு செய்யும் என்று தலைவர் சொன்னார். அதுவரைக்கும் 212-ஆம் அறையைப் பூட்டச் சொன்னார். அங்கே படித்துக்கொண்டிருந்த வகுப்பு மாடிப்படிக்கு மாறியது. பிப்பெட் புத்தகத்தை எடுத்து நீட்டினார். அதைத் துணியில் சுற்றி அரக்கு வைத்து முத்திரை போட்டார்கள், தடயமாம். மறுவாரம் புத்தகத்தை ஏன் திருப்பித் தரவில்லை என்று நூலகத்திலிருந்து அவருக்கு நோட்டீஸ் வந்தது.

அவர் ஓடியது பதிவாளரிடம். பதிவாளர் நல்ல மனிதர் என்று எல்லாரும் சொல்வார்கள். அவரைப் பார்க்கப் போனால் முதலில் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அப்புறம்தான் முடியாது என்பார்.

"உங்க கோப்பு என் மேசையிலதான் இருக்கு. பேனாவையும் எடுத்துட்டேன். ஆனா 'விசாரணை எதுவும் நிலுவையில் இல்லை'ன்னு ஒரு வரி எழுதணும். எப்படி எழுதுவேன், சொல்லுங்க."

"நான் குடுத்த மனுதான சார். நானே வாபஸ் வாங்கிக்கிறேன்."

"தாராளமா. பாதிக்கப்பட்டவரோட சம்மதக் கடிதம் கொண்டாங்க."

"அவன்தான் செத்துட்டான் சார்."

பதிவாளர் அவரையே உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாக ஒரு தாளை எடுத்து, 'மாணவர் இறந்ததை மனுதாரர் மீண்டும் உறுதி செய்தார்' என்று எழுதிக்கொண்டார்.

அன்று மாலை பிப்பெட் மனைவியிடம் சொன்னார். அவள் பேக்கரியில் கேக்கின் மேல் பெயர் எழுதுகிறவள். கை நடுங்காமல் எழுதிப் பழகியதால் எதற்கும் பதற மாட்டாள்.

"செத்த பையன் பேர் என்னங்க?"

"பேரு இல்ல. 'அந்த உதவித்தொகைப் பையன்'னுதான் கடைசிவரைக்கும் வருது."

"பேரே இல்லாதவனுக்காகவா இவ்வளவும்?"

"அதுக்காகத்தான் எழுதினேன்."

"மத்தவங்க மாதிரி நல்ல நூல்னு எழுதித் தொலைச்சிருக்கலாம்ல. பதினாலு வருஷம் கண்ணு அமிலத்துல வெந்துச்சே, அதுக்காகவாவது" என்றாள். சொன்னதில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

விசாரணை அதன் பாட்டுக்கு நடந்தது. நாவலாசிரியருக்குப் பதிப்பகத்தின் முகவரியில் அழைப்பாணை போயிற்று. 'இங்கே இல்லை' என்று திரும்பி வந்தது. தலைமறைவு என்று கோப்பில் ஏறியது. மணிக்கூண்டைப் பற்றிக் கட்டடப் பொறியாளர் அறிக்கை கொடுத்தார்: 'இக்கல்லூரியில் மணிக்கூண்டு இல்லை. இருந்திருந்தால் தகுந்த கைப்பிடிச் சுவர் இருந்திருக்கும். எனவே விபத்துக்குப் பராமரிப்புப் பிரிவு பொறுப்பல்ல.' இருந்தாலும் முன்னெச்சரிக்கை வேண்டும் அல்லவா? விளையாட்டு மைதானத்தின் நடுவில், மணிக்கூண்டு இருந்திருக்கக்கூடிய இடத்தில், நான்கு கம்பம் நட்டு, 'இங்கிருந்து கீழே எட்டிப் பார்க்காதீர்கள்' என்று பலகை வைத்தார்கள். பந்து பொறுக்கப் போன ஒரு மாணவன் பலகைக்குப் பக்கத்தில் நின்று தரையை எட்டிப் பார்த்தான். அவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள்.

இறந்த மாணவனைத் தேடி வருகைப் பதிவேடுகளை எல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். பெயர் தெரியாததால் கிடைக்கவில்லை. ஆனால் தொடர்ந்து வகுப்புக்கு வராததற்கு விளக்கம் கேட்டு, 'உதவித்தொகை மாணவர்' என்று பொதுவாக விலாசமிட்டு, அறிவிப்புப் பலகையில் ஒரு கடிதம் ஒட்டினார்கள். உதவித்தொகையில் படித்த அறுபத்து மூன்று பேரும் பயந்துபோய் விளக்கம் எழுதிக் கொடுத்தார்கள். தாங்கள் சாகவில்லை என்று அறுபத்து மூன்று கடிதம். அவற்றில் ஒன்றில்கூடத் துறைத்தலைவர் மேலொப்பம் இல்லை என்று எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தேதி இருபதைத் தாண்டியது. பிப்பெட் கூடத்தில் அளவுக் குழாயைத் துடைத்தால் துடைத்துக்கொண்டே இருப்பார். "அண்ணே, அது உடைஞ்சது, நேத்தே தூக்கிப் போடச் சொன்னீங்க" என்று மாணவிகள் நினைவூட்ட வேண்டியிருந்தது.

கடைசியில் குழு அரக்கை உடைத்துப் புத்தகத்தைப் படிக்கத் தீர்மானித்தது. இருந்தது ஒரே பிரதி. தலைவர் முதலில் எடுத்துக்கொண்டார். இதோடு தொல்லை விட்டது என்று பிப்பெட்டுக்கு உயிர் வந்தது. படித்தால் கதை என்று தெரிந்துவிடும் அல்லவா? படித்தவர்களைப் பற்றி அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

இருபத்தாறாம் தேதி மறுபடி அழைப்பு வந்தது. பிற்பகல் மூன்று மணி, வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அறைக்குள் திரையெல்லாம் இழுத்து விட்டிருந்தார்கள். மேசை மேல் மூன்று மெழுகுவர்த்தி. தலைவர் முழங்கால் வரை தொங்கும் கருப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். பட்டமளிப்பு விழா அங்கி என்று பிப்பெட் அப்புறம்தான் கண்டுபிடித்தார். மூன்றாமவர் வாயில் ஒரு புகைக்குழாய் இருந்தது, அதில் புகையிலை இல்லை.

"படிச்சேன்" என்றார் தலைவர். குரலே மாறியிருந்தது. "ரெண்டு தடவை. நீங்க ஒரு பெரிய தப்பு பண்ணியிருக்கீங்க. அந்தப் பேராசிரியரைப் புரிஞ்சுக்கவே இல்ல."

"நான் பேராசிரியரைச் சொல்லலீங்க, ஆசிரியரைத்தான்..."

"என்ன மனுஷன் அவரு. வாய் தொறந்தா மாணவனுங்க மூச்சு விடல. நான் முப்பத்தொரு வருஷமா மண் வகைகளை நடத்துறேன். ஒரு பய எனக்காக மாடிப்படி ஏறினது கிடையாது. மணிக்கூண்டு ஏறியிருக்கான் அந்தப் பையன். எப்பேர்ப்பட்ட ஆசிரியரா இருந்தா ஏறியிருப்பான்? நம்ம மாணவனுங்க எதுக்கும் துணிய மாட்டேங்கறானுங்க. கடைசி பெஞ்சுல உட்கார்ந்து கொட்டாவி விடுறான். நம்ம தரம் இறங்குறதுக்கு அதுதான் காரணம்."

"அவன் விழுந்து செத்துட்டான்ங்க."

"மழை பெய்யுது, மணி அடிக்குது, கீழ மெழுகுவர்த்தி. எவ்வளவு அழகான எடம் அது. நீங்க அதைப் பார்க்கவே இல்ல."

புள்ளியியல் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நானும் அழுதேன். அந்த நாலு பேரும் எவ்வளவு கஷ்டப்படுறாங்க பாருங்க. அந்தப் பையனை எடுத்துக்கிட்டா, இரண்டாயிரம் பேர்ல ஒருத்தன். தசம ஸ்தானத்துல வருவான், முழு எண்ணா மாத்தினா வரமாட்டான்."

பிப்பெட் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இவர்கள் கதை என்று நம்பாதபோதே தேவலை என்று தோன்றியது.

இருபத்தொன்பதாம் தேதி தீர்ப்பு வந்தது. ஆசிரியர் மீது குற்றமில்லை. மாணவர் தமது ஆர்வக்கோளாறால், தமது பொறுப்பில், உயரமான இடத்தில் ஏறியிருக்கிறார். நிறுவனத்தின் நற்பெயருக்கு எவ்விதக் களங்கமும் இல்லை. மனுதாரர் இதை ஏற்றுக் கையெழுத்திட்டால் கோப்பு மூடப்படும்.

வாக்குமூலத்தைப் பதிவாளரே தயாரித்து வைத்திருந்தார். அதைப் படித்துவிட்டு பிப்பெட் வீட்டுக்குப் போய்வர ஒரு மணி நேரம் கேட்டார். வீட்டுக்குப் போகவில்லை, பேக்கரிக்குப் போனார். மனைவி யாருக்கோ பிறந்தநாள் கேக்கில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அவன்மேலதான் தப்புன்னு எழுதியிருக்காங்க. 'இம்மாணவரை நான் நேரில் அறிவேன், அவர் தாமாகவே ஏறினார்'னு நான் சொல்றதா இருக்கு. அதுல கையெழுத்து போடணுமாம்."

"நாளைக்கு முப்பது."

"தெரியும்."

"இல்லாத பையன்ங்க அவன். அவன் அம்மா வந்து உங்க சட்டையைப் பிடிச்சுக் கேட்கப்போறதில்ல." அவள் கிரீம் கூம்பைக் கீழே வைத்தாள். "போடச் சொல்றது எனக்கும் நல்லா இல்லதான். ஆனா வேற வழி தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

அவர் கேக்கில் எழுதியிருந்த பெயரைப் படித்தார். திரும்பிப் போனார்.

பதிவாளர் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பிப்பெட் மூன்று தாளிலும் கையெழுத்திட்டார். அழுத்தாமல்தான் போட்டார், இருந்தும் மூன்றிலும் விழுந்தது. பதிவாளர் அந்த ஒரு வரியை எழுதி, முத்திரை குத்தி, நிரந்தர ஆணையை அவர் கையில் கொடுத்தார். கையைக் குலுக்கினார். "இனிமே உங்களை யாரும் அசைக்க முடியாது" என்றார்.

பிப்பெட் எழுந்தவர் மேசையைப் பார்த்தார். வாக்குமூலத்தில் 'மாணவர் பெயர்' என்ற இடத்தில் புள்ளிக்கோடுதான் இருந்தது. 'நாள்' என்ற இடத்திலும் அப்படியே.

"சார், பேரும் தேதியும் எழுதலியே. பேரில்லைன்னு எழுதிடலாமா? புத்தகத்துப் பேரையாவது போட்டுடலாமே."

"வேணாம் வேணாம். காலியாவே இருக்கட்டும்." பதிவாளர் தாள்களைத் தட்டி அடுக்கினார். அவர் குரலில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை, நல்ல செய்தி சொல்கிற மாதிரிதான் சொன்னார். "இத்தனை வருஷத்துல இந்த மாதிரி பக்காவா ஒரு வாக்குமூலம் நமக்குக் கிடைச்சதே இல்ல. சாட்சி கையெழுத்து, குழுவோட தீர்ப்பு, பொறியாளர் அறிக்கை, எல்லாம் ரெடியா இருக்கு. எப்பவாவது ஒண்ணு நடந்துட்டா, பேரையும் தேதியையும் எழுதிக்க வேண்டியதுதான்."

"சார், அதை என்கிட்டயே குடுத்துடுங்க."

"அது ரெக்கார்டு ஆயிடுச்சுங்க. நீங்க கவலையில்லாமப் போங்க."

பீரோவைப் பூட்டும் சத்தம் கேட்டது. பிப்பெட் ஆணையைக் கையில் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தார். வகுப்பு மாறும் மணி அடித்தது. மாடியிலிருந்து பிள்ளைகள் திமுதிமுவென்று இறங்கி வந்தார்கள். "பிப்பெட் அண்ணே, பெர்மனெண்ட் ஆயிட்டீங்களாமே" என்று யாரோ கத்தினார்கள். அவர் வழி விட்டுச் சுவரோரமாக ஒட்டி நின்றார். கடைசிப் பிள்ளை இறங்கிப் போகும்வரை அவரால் ஒரு முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.